இன்டர்வியூவுக்குப் போன கதைகள்: மலையகப் பிள்ளைகள் பகிருங்கள்

இறுதி வருடத் தம்பி தங்கச்சிமார் "பாஸ் அவுட் ஆனால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆலோசனை சொல்லுமளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பேராதனையில் புவியியல் சிறப்புக் கற்கை. எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, கம்பஸ் போன முதல் ஆள். 2020இல் பட்டதாரிகளை 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பயிலுனராக எடுத்தார்கள் அல்லவா, அதை வைத்து அம்மா கணக்கே போட்டு வைத்திருந்தார். நான் வெளியே வந்ததோ 2022இல். நாடே பெற்றோல் வரிசையில் நின்ற வருடம். அரசாங்கம் புதிதாக ஆள் எடுப்பதாக இல்லை.

சரி என்று தனியார் பக்கம் விண்ணப்பித்தேன். ஒரு நாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அத்தை இடுப்பில் கட்டியிருந்த படங்குக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். உறை நனைந்து, ஓரம் ஊதிப்போயிருந்தது. கண்டியில் நேர்முகப் பரீட்சை. திகதியைப் பார்த்தால் முந்தாநாள். தபால் முத்திரையிலோ பன்னிரண்டு நாளைக்கு முந்திய திகதி. எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும், அந்தப் பக்கம் யாராவது போனால் வரும். போன் பண்ணிக் கேட்டேன். ஆள் எடுத்தாயிற்றாம்.

அதற்குப் பிறகு விலாசம் என்ற இடத்தில் ஹட்டன் டவுனில் மாமாவின் சில்லறைக் கடையைப் போட்டேன். அடுத்த கடிதம் மூன்றாம் நாளே வந்தது. அந்த இன்டர்வியூவில் முதல் கேள்வியே சிங்களத்தில், "கம கொஹெத?" ஊர் எது என்று. பொகவந்தலாவை என்றேன். "ஆ, வத்தெத?", தோட்டமா என்று கேட்டுவிட்டு அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். ஹொஸ்டலில் கேரம் விளையாடிப் பழகிய சிங்களத்தில் "ஆமாம், தோட்டம்தான்" என்றேன். அதற்குமேல் ஊரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எக்செல் தெரியுமா என்றார்கள். வேலை கிடைத்தது. அந்தச் சிரிப்பு இன்னும் மனதில் கிடக்கிறது.

பதில், பதுளையிலிருந்து:
அண்ணா, நான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், தேயிலைத் தொழில்நுட்பம். வீட்டில் சொன்னதும் அப்பா கேட்டது, "படிச்சுட்டு மறுபடி ஸ்டோருக்கா போற?" அவர் முப்பது வருடம் வேலை செய்ததே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில்தான். பயிற்சிக்கு ஒரு தோட்டத்து ஸ்டோருக்குப் போனேன். வாட்டும் அறையில் வேலை செய்துகொண்டிருந்த, அப்பா வயதுள்ள ஒருவர் என்னைப் பார்த்ததும் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு "மிஸ்" என்றார். நான் மாமா என்று கூப்பிட வாயெடுத்தேன், வரவில்லை. இலை எப்போது வாடி முடிந்தது என்று எங்களுக்கு ஈரப்பத சதவீதத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அவர் ஒரு பிடி இலையைக் கசக்கி, கையை விரித்துக் காட்டினார். அவ்வளவுதான். அன்று படித்தது நாலு வருடத்தில் படிக்காதது. கொழும்பில் வேலை தேடச் சொல்கிறார்கள். போர்டிங் காசு கொடுத்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்பதுதான் இப்போதைய யோசனை.

பதில், மூன்றாம் வருடம்:
அண்ணே, எங்களுக்கு டவுனில் கடை வைத்திருக்கிற சொந்தம் யாரும் இல்லை. மாமாவின் கடை விலாசத்தை நானும் போட்டுக்கொள்ளலாமா?