உங்கள் ஊரில் பழைய மாஸி பெர்குசன் டிராக்டர் இன்னும் ஓடுகிறதா?

வாடிப்பட்டி:
எங்கள் பெரியப்பா கொட்டகையில் ஒரு மாஸி பெர்குசன் 1035 நிற்கிறது. பெயின்ட் வெளுத்துவிட்டது, பானெட் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால் சேற்றில் அடிக்கும் தொழி உழவுக்கு இதை இறக்குவதில்லை. அதற்கு ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) மாட்டிய வாடகை வண்டி வந்துவிடும். குப்பை அடிக்க, டிரெய்லர் இழுக்க, புழுதி உழவுக்கு மட்டும் இது.

போன தை மாதம் டீசல் வற்றி நடுக்காட்டில் நின்றுவிட்டது. டீசல் ஊற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை, டீசல் குழாயில் ஏர் (காற்று) அடைத்துக்கொண்டது. மெக்கானிக்குக்கு போன் போடவா என்றேன். பெரியப்பா "சும்மா இருடா"ன்னு சொல்லிவிட்டு, டீசல் பில்டர் மேலே இருக்கிற போல்ட்டை லேசாகத் தளர்த்தி, கைப்பம்பைத் திரும்பத் திரும்ப அமுக்கினார். முதலில் நுரை நுரையாக வந்தது. நுரை அடங்கி வெறும் டீசல் வழிந்ததும் போல்ட்டை இறுக்கினார். அப்புறம் எஞ்சினுக்குள் டீசல் பீச்சும் நாசில் குழாய் நட்டுகளையும் அதேபோல் தளர்த்திவிட்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். இருமிக்கொண்டே பிடித்தது. கையில் இருந்தது ரெண்டு ஸ்பேனர், ஒரு பழைய துண்டு, அவ்வளவுதான். இதற்காகத்தான் அவர் விற்க மாட்டேன் என்கிறார்.

மேலூர்:
அண்ணே, அந்த வண்டியின் ஹைட்ராலிக்கையும் சொல்லுங்க. எங்கள் புஞ்சையில் திடீர் திடீரென்று இறுகிய மண் வரும். கலப்பை அங்கே சிக்கினால், அதை மேலே பிடித்திருக்கும் டாப் லிங்க் கம்பி அழுந்தி, ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் கொண்டுவந்த அமைப்பு அது. இன்றைக்கு எந்தக் கம்பெனி வண்டி எடுத்தாலும் பின்னால் கலப்பை மாட்ட இருப்பது அதே மூன்று பிடிதான்.

திருமங்கலம்:
ரொம்பவும் புகழ வேண்டாம். பவர் ஸ்டீயரிங் இல்லாமல் ஒரு பொழுது உழுதுவிட்டு வந்து தோளைத் தொட்டுப் பாருங்கள். ஆயில் கசிவும் தீராது.

புது வண்டி எல்லாமே கம்ப்யூட்டர், கையால் சரிசெய்ய முடியாது என்று சிலர் பேசுவதும் சரியில்லை. 2023 ஜனவரியில் வந்த புதிய புகை விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். மின்னணு முறையில் டீசல் பாய்ச்சும் எஞ்சின் பெரும்பாலும் அவற்றில்தான் வருகிறது. நம்ம பக்கம் அதிகம் ஓடுகிற 40, 45 குதிரைத்திறன் வண்டிகளில் பழைய மாதிரி பம்புதான், அதையும் கையாலேயே ஏர் எடுக்கலாம்.

சரி, வாடிப்பட்டி அண்ணே, அந்த 1035-க்கு ஆர்.சி. புத்தகம் இருக்கா? பெரியப்பா மனசு மாறினால் வேற ஆளிடம் சொல்லிவிடாதீங்க.