பிளென் ஏர்: தமிழில் என்ன சொல்லலாம்?

> 'திறந்தவெளி ஓவியம்' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, அந்தச் சொல்லில்தான் எனக்குச் சிக்கல். திறந்தவெளி அரங்கு, திறந்தவெளிச் சிறை என்று கேட்டுப் பழகிய காதுக்கு, வெளியே வைத்திருக்கும் ஓவியம் என்றுதான் படும். மேம்பாலத் தூணில் தீட்டியதுகூட அதில் அடங்கிவிடும். பிளென் ஏர் என்பது படம் இருக்கும் இடத்தைப் பற்றியதல்ல. காட்சிக்கு எதிரிலேயே நின்று, வெளிச்சம் மாறுவதற்குள் தீட்டுவது.

டாம் தாம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கனடா நாட்டு ஓவியர், அங்குள்ள அல்கோன்குவின் காட்டில் வழிகாட்டியாகவும் இருந்தவர். 1917இல் அங்கேயே கனூ ஏரியில் இறந்தார். ஏறக்குறைய 21-க்கு 27 செ.மீ. மரப்பலகையில், எண்ணெய் வண்ணத்தில், ஒரே அமர்வில் முடித்துவிடுவார். இலையுதிர்காலத்தில் மேப்பிள் இலையின் சிவப்பு சில நாள்தான், ஒரு பெருங்காற்று போதும், கொட்டிவிடும். எண்ணெய் வண்ணமோ நீர்வண்ணம்போல் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும், குளிரில் இன்னும் தாமதமாகும். ஆக, ஈரத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை வைத்தாக வேண்டும். சிவப்பின் மேல் பச்சையைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும் சேறுதான். வைத்தோமா, தூரிகையை எடுத்தோமா என்று இருக்க வேண்டும். அவருடைய பலகைகளில் தீற்றல்களுக்கு நடுவே வெறும் மரம் எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்படி ஈரம் காயுமுன் ஒரே அமர்வில் முடிப்பதற்கு அல்லா பிரிமா என்று தனிப்பெயர் உண்டு. இரண்டையும் குழப்பக் கூடாது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1891இல் பாப்லர் மரங்களை ஆற்றில் படகிலிருந்து தீட்டியபோது, வெளிச்சம் மாற மாறக் கித்தானையும் மாற்றிக்கொண்டே இருந்தார், ஒரே கித்தானுக்குப் பல தடவை திரும்பினார். அது பிளென் ஏர், அல்லா பிரிமா அல்ல.

என் முன்மொழிவு: பிளென் ஏர் – களத்தீட்டு. அல்லா பிரிமா – ஓரமர்வுத் தீட்டு. கள ஆய்வு, களப்பணி என்று 'களம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'களவரைவு' என்றும் யோசித்தேன்; அகப்பாடல்களின் களவும் வரைவும் சேர்ந்து காதல் கல்யாணமாகிவிட்டது, விட்டுவிட்டேன். நெடுநல்வாடையின் 'புனையா ஓவியம்' அழகான சொல்தான், ஆனால் அது வண்ணம் சேராத கோட்டோவியம். இங்கே வண்ணம்தானே எல்லாம்?

——

> பிளென் ஏர் – களத்தீட்டு

அண்ணா, வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "யாருக்குத் தீட்டு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார். 'களத்தீட்டல்' என்று ஒரு 'அல்' சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம்.

அப்புறம், போன மடலில் ஒருவர் மேப்பிள் சிவக்கும் இந்தப் பருவத்துக்குக் 'கூதிர்' என்று எழுதியிருந்தார். கூதிர் நம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குளிர். அதில் சிவந்த இலைக்கு இடமில்லை. இலையுதிர்காலமே போதும்.

'ஓரமர்வுத் தீட்டல்' மட்டும் எனக்கு வாயில் நுழையவில்லை. 'ஒருமூச்சு ஓவியம்' என்றால் ரொம்பக் கொச்சையாகிவிடுமா?