பூச்சிய தூரமா, குறிகூட்டு தூரமா?

நண்பர்களே,

போட்டிக் கைத்துப்பாக்கியின் சைட்டை (குறிபார்க்கும் கருவியை) எந்தத் தூரத்தில் வைத்துத் திருத்திக்கொள்கிறோமோ, அந்தத் தூரத்துக்கு ஒரு சொல் தேடுகிறோம். இதுவரை வந்தவற்றைப் பற்றி என் கருத்து.

> ‘பூச்சிய தூரம்’ என்றே வைக்கலாமே. எல்லாரும் ஜீரோ என்றுதானே சொல்கிறோம்?

பேச்சில் சொல்கிறோம், சரி. “ஜீரோ பண்ணியாச்சா?” என்றால் சுடுகிற யாருக்கும் புரியும். எழுத்தில் ‘பூச்சிய தூரம்’ என்று பார்க்கிற புதியவரோ, குழல் முனையை இலக்கில் முட்டவைத்துச் சுடச் சொல்கிறார்கள் போல என்று நினைப்பார். பூச்சியம் ஆகவேண்டியது குறிக்கும் குண்டுக்கும் உள்ள பிசகு. தமிழில் அது போய்த் தூரத்தின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது.

> அப்படியானால் ‘சந்திப்புத் தூரம்’. பார்வைக்கோடும் குண்டின் பாதையும் சந்திக்கும் இடம்தானே அது?

இது எனக்கும் முதலில் பிடித்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. ரெட் டாட் சைட் (சிவப்புப் புள்ளியைக் காட்டிக் குறிபார்க்கவைப்பது) குழலின் நடுக்கோட்டுக்கு 3 செ.மீ. மேலே இருக்கிறது, குண்டு நொடிக்கு 275 மீட்டரில் கிளம்புகிறது என்று வையுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால் 25 மீட்டர் போவதற்குள் அது சுமார் 4 செ.மீ. தாழும். அதற்கு ஈடுகட்டிச் சைட்டை 25 மீட்டருக்குத் திருத்தினால், குண்டு கீழிருந்து ஏறி 18, 19 மீட்டர் வாக்கிலேயே பார்வைக்கோட்டை ஒருமுறை வெட்டிவிடுகிறது. 25இல் வெட்டுவது இரண்டாம் முறை. 10 மீட்டருக்குத் திருத்தினால் 25இல் சுமார் 2 செ.மீ. மேலே போய், 40 மீட்டரைத் தாண்டி மறுபடி வெட்டும். சந்திப்பு இரண்டு இருக்கும்போது எதைச் சொல்கிறோம்?

அப்புறம், ஆறு மணிப் பிடி பிடிப்பவர்களை என்ன செய்வது? 25 மீட்டர் துல்லியச் சுடுதலில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 200 மி.மீ. அதன் அடியில் கொஞ்சம் வெள்ளை தெரியும்படி குறிவைத்து, குண்டை நடுவில் விழவைப்பார்கள். குறியைவிட 10 செ.மீ.க்கும் மேலே அடி விழுகிறது. அந்தத் தூரத்தில் கோடுகள் சந்திக்கவே இல்லை. ஆனாலும் துப்பாக்கி ஒழுங்காகத் திருத்தப்பட்டதுதான்.

‘இலக்குத் தூரம்’ எனக்குச் சுத்தமாக ஆகாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இலக்கு நிற்கும் தூரமும் திருத்திய தூரமும் ஒன்று, அதனால் வித்தியாசம் தெரியாது. இலக்குகள் கைக்கெட்டும் தூரத்திலும் 50 மீட்டரிலும் மாறிமாறி நிற்கும் ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிகளில் இந்தக் குழப்பம் புள்ளியைத் தின்னும். நானே தின்னக் கொடுத்திருக்கிறேன். 5 மீட்டரில் ஓர் அட்டை. அதன் கீழ்ப்பாதியை, சுடக்கூடாத வெள்ளை அட்டை மறைத்திருந்தது. வெள்ளையின் விளிம்புக்குச் சற்று மேலே சைட்டின் சிவப்புப் புள்ளியை வைத்து விசையை அழுத்தினேன். ஓட்டை வெள்ளையில். துப்பாக்கி 25 மீட்டருக்குத் திருத்தியது; 5 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 2 செ.மீ. தாழ்வாகத்தான் போகும். இலக்கு நிற்கும் தூரம் வேறு, நான் திருத்திவைத்த தூரம் வேறு. சொல்லிலேயே அந்த வேறுபாடு தெரியவேண்டும்.

என் பரிந்துரை: குறிகூட்டு தூரம். வீணைக்குச் சுருதி கூட்டுகிறோம். எந்தச் சுருதி என்பது வாசிப்பவர் முடிவு. அதே மாதிரி குறி கூட்டுதல் என்பது சுடுபவர் தேர்ந்து செய்யும் வேலை. “25க்குக் குறி கூட்டினேன்”, “குறி கலைந்துவிட்டது, மறுபடி கூட்டணும்” என்று வினையாகவும் புழங்கும். குறி சொல்பவர்களோடு குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும்: நடுவில் ‘த்’ போட்டுவிடாதீர்கள். இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘கூட்டுத் தூரம்’ என்று எழுதினால் இரண்டு தூரங்களைக் கூட்டிய தொகை ஆகிவிடும்.

> 10இல் கூட்டுவது நல்லதா, 25இலா என்றும் சொல்லுங்கள்.

சொல்லுக்கு வெளியே போகிறோம், பரவாயில்லை. நான் 25, மணல் மூட்டையில் கையை ஊன்றி. பல ரெட் டாட்களில் திருத்தும் திருகின் ஒரு கிளிக் என்பது ஒரு கோணக்கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). 25 மீட்டரில் அது 7 மி.மீ., 10 மீட்டரில் 3 மி.மீ.கூட இல்லை. 9 மி.மீ. ஓட்டையில் 3 மி.மீ. நகர்வை எப்படிப் பார்ப்பது? 10இல் கண்ணுக்குத் தப்பிய 1 செ.மீ. பிசகு, 50இல் 5 செ.மீ. ஆகி நிற்கும். 25இல் அடிகள் ரொம்பச் சிதறுகிறதென்றால் 10இல் தோராயமாகக் கூட்டிவிட்டுப் பின்னால் போங்கள்.

மிச்சம் இருப்பது: குண்டு தாழும் என்று தெரிந்து, அந்த அளவுக்குக் குறியை மேலே வைப்பதற்கு என்ன சொல்? நான் ‘தூக்குப்பிடி’ என்று எழுதிப் பார்த்தேன். தூக்கு என்ற சொல் உறுத்துகிறது. வேறு இருந்தால் எழுதுங்கள்.