மறதி எப்படி நிகழ்கிறது என்பதை மாணவர்களுக்குத் தனிப்பாடமாகக் கற்பிக்க வேண்டுமா?

கரும்பலகை:

பல ஆண்டுகளாக வேதியியல் கற்பித்து வருகிறேன். அண்மையில் ஒரு மாணவி, அமில கார வினைகள் பாடத்தை ஐந்து முறை படித்ததாகவும், படிக்கும்போது ஒவ்வொரு வரியும் தெரிந்ததாகவே தோன்றியதாகவும், வினாத்தாளைப் பார்த்தவுடன் எதுவுமே வரவில்லை என்றும் கண்கலங்கிச் சொன்னாள். "இன்னும் ஊன்றிப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலில் ஒன்றுமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அவள் ஊன்றித்தான் படித்திருக்கிறாள். படித்தது ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டும் என்று ஆண்டு முழுவதும் சொல்லும் நாம், நினைவு எப்படி உருவாகிறது, மறதி ஏன் வருகிறது என்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. கல்வியாண்டின் தொடக்கத்தில் நான்கு வகுப்புகளை இதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

நேர்கோடு:

உங்கள் அக்கறை புரிகிறது. முன்மொழிவை ஏற்க முடியவில்லை. நானும் ஆசிரியன்தான், கணிதம். ஒன்றைத் தெரிந்துகொள்வதும் அதன்படி நடப்பதும் வேறு வேறு. இரவு நெடுநேரம் விழித்திருந்தால் மறுநாள் பாடம் மண்டையில் ஏறாது என்பதை அறியாத மாணவர் எவரும் இல்லை. அறிந்ததனால் எத்தனை பேர் நேரத்தோடு உறங்குகிறார்கள்?

இதைவிடக் கவலை தருவது, இந்தத் துறையின் பெயரால் உலவும் தவறான செய்திகள். படித்ததில் 10 விழுக்காடு, கேட்டதில் 20 விழுக்காடு, செய்ததில் 90 விழுக்காடு நிற்கும் என்று ஒரு கூம்புப் படத்தைப் பயிற்சி வகுப்புகளிலேயே காட்டுகிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வெளியிட்ட கூம்பில் அப்படிப்பட்ட எண் எதுவும் இல்லை. அவை பிறர் ஒட்டியவை. கற்றது நாளாக ஆக எவ்வளவு மறக்கிறது என்று காட்டும், உளவியலாளர் எபிங்ஹாஸின் மறதி வளைகோட்டுக்கும் இதே கதிதான். 1885-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் கற்றவரும் அவரே, சோதித்தவரும் அவரே. கற்றவையோ பொருளற்ற அசைகள். அதை வைத்துக்கொண்டு, படித்த பாடத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் போய்விடும் என்று பிள்ளைகளை அச்சுறுத்துவது நேர்மையாகாது. பொருள் விளங்கிப் படித்தது அந்த வேகத்தில் மறப்பதில்லை.

கரும்பலகை:

கூம்பைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எபிங்ஹாஸ் அளந்தது எது என்பதை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓர் அசைப்பட்டியலைத் தடையின்றிச் சொல்லும்வரை கற்று, சில காலம் விட்டு, அதையே மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதையே அவர் கணக்கிட்டார். அந்த மிச்சம் 20 நிமிடங்களுக்குப் பின் 58 விழுக்காடு, ஒரு நாளுக்குப் பின் 34 விழுக்காடு, 31 நாட்களுக்குப் பின் 21 விழுக்காடு. அதாவது, ஒரு மாதம் கழிந்தும், பொருளே இல்லாத அசைகளில்கூட, முதல் முறை பட்ட பாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தங்கியிருந்திருக்கிறது. மறந்துவிட்டது என்று நாம் சொல்வதெல்லாம் அழிந்துவிட்டதாகாது. அழுதுகொண்டு நின்ற அந்த மாணவிக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு என்ன இருக்க முடியும்? தவறான செய்திகள் உலவுவதால்தான் சரியானதைப் பள்ளியே சொல்ல வேண்டும் என்கிறேன்.

வெறும் சொற்பொழிவாகவும் இதை நடத்த வேண்டியதில்லை. வகுப்பில் பாதிப் பேர் ஒரு பத்தியை இரண்டு முறை படிக்கட்டும். மீதிப் பேர் ஒரு முறை படித்து, தாளை மூடிவைத்துவிட்டு, நினைவில் உள்ளதை எழுதட்டும். ஒரு வாரம் கழித்து எல்லோரையும் எழுதச் சொன்னால், எது நிற்கிறது என்பதைத் தாங்களே காண்பார்கள்.

ஆய்வுமேசை:

கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். கரும்பலகை சொல்லும் சோதனை, உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வை ஒத்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. இரண்டு முறை படித்தவர்கள் 42 விழுக்காடும், படித்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான் ஒரு வாரத்துக்குப் பிறகும் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள். விளைவு நேர் எதிராக அமைந்தது. ஐந்து முறை படித்த மாணவிக்கு நேர்ந்ததும் இதுதான் என்று கருதுகிறேன். கண்ணில் பட்ட வரி தெரிந்த வரியாக இருப்பதும், வரி கண்முன் இல்லாதபோது அதை உள்ளிருந்து எடுக்க முடிவதும் ஒன்றல்ல. படிக்கும் நேரத்தில் முதலாவதை இரண்டாவதாக எண்ணி மனம் ஏமாறுகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முப்பது பேர் கொண்ட வகுப்பை இரண்டாகப் பிரித்தால், பிள்ளைகளுக்குள் இயல்பாக இருக்கும் வேறுபாடே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடலாம். முடிவு மாறி வந்தால், திரும்பப் படிப்பதே மேல் என்ற பாடத்தைத்தான் அவர்கள் வாழ்நாள் முழுவதும் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு பத்தியை ஒரு முறையிலும் வேறொரு பத்தியை மறு முறையிலும் கற்று, தம்மோடு தாமே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. பாதிப் பேருக்குப் பத்திகளை மாற்றிக் கொடுங்கள்.

நேர்கோடு:

ஆய்வுமேசை எழுதியது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. மாணவரின் உணர்வே அவரை ஏமாற்றும் என்றால், நான்கு வகுப்புகள் கேட்டு அந்த உணர்வு மாறிவிடுமா? ஆசிரியர்தான் பாடத்தை அதற்கேற்ப அமைக்க வேண்டும். என் வகுப்பு ஒவ்வொன்றும் ஐந்து வினாக்களோடு தொடங்கும்: இரண்டு முந்தைய நாள் பாடத்திலிருந்து, இரண்டு சென்ற வாரத்திலிருந்து, ஒன்று இரண்டு மாதங்களுக்கு முந்தையதிலிருந்து. மதிப்பெண் கிடையாது. மறதியின் இயல்பைப் பற்றி என் மாணவர்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லாமலே பயன் கிடைக்கிறது.

பின்வரிசை:

கல்லூரி முதலாமாண்டு மாணவன் நான். எங்கள் பள்ளியிலும் ஓர் ஆசிரியை இப்படியே நாள்தோறும் வினாக்கள் கேட்பார். எங்களை நம்பாததால்தான் கேட்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்தப் பாடத்தில் நான் நன்றாகவே எழுதினேன், ஆனால் காரணம் அந்த வினாக்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்லூரிக்கு வந்தபின் கேட்பதற்கு ஆள் இல்லை. வண்ணப் பேனாவால் கோடிட்டுத் திரும்பத் திரும்பப் படித்து, முதல் பருவத்தில் இரண்டு தாள்களில் தோற்றேன். ஏன் கேட்கிறேன் என்று அவர் ஒரு நாள் சொல்லியிருந்தால், எனக்கு நானே கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேர்கோடு:

பின்வரிசை எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் மாணவர்களும் அவ்வாறே நினைத்துக்கொண்டிருக்கக் கூடும் என்பது எனக்கு இதுவரை தோன்றவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஒரு வகுப்பு போதும். எஞ்சிய மூன்றில் மூளையின் படமும், நினைவு உருவாக உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியும் வந்து உட்கார்ந்துவிடும் என்று அஞ்சுகிறேன். நாளை காலை எப்படிப் படிப்பது என்பதற்கு அதில் விடை இல்லை.

கரும்பலகை:

இங்குதான் நாம் உண்மையில் பிரிகிறோம். தேர்வுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 1953-இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலேசனின் மூளையில், ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி உட்பட, இரு பக்கமும் சில பகுதிகளை அகற்றினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆயினும் கண்ணாடியில் தெரியும் விண்மீன் வடிவத்தைப் பார்த்து வரையும்படி உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்த பயிற்சியில், முன்பு செய்ததே நினைவில்லாமல், நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்தது. நினைவு என்பது ஒரே பெட்டி அல்ல என்பதை ஒரு குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

உளவியலாளர்கள் லாஃப்டஸும் பாமரும் 1974-இல் செய்ததையும் விட மனமில்லை. கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் 'மோதியபோது' என்று 50 பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்று 50 பேரிடமும் வேகத்தைக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் பிரிவில் 7 பேரும் இரண்டாம் பிரிவில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. தன் நண்பன் பொய் சொல்கிறான் என்று உறுதியாக நம்பும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, இருவரில் ஒருவர் பொய்யே சொல்லாமல் தவறாக நினைவுகூரவும் முடியும் என்பதை அறிய வேண்டாமா?

நேர்கோடு:

உடைந்த கண்ணாடிச் செய்தியை என் வகுப்பில் சொல்வேன். நான்கு வகுப்புகள் என்பதை இப்போதும் ஏற்கவில்லை. எனக்கு ஒன்று போதும். அந்த இரண்டு பத்திகளைத் தேர்ந்ததும் எனக்கும் அனுப்புங்கள். என் இரு பிரிவுகளிலும் நடத்தினால், ஆய்வுமேசை சொன்ன சிறிய எண்ணிக்கைக் குறை ஓரளவு தீரும்.

கரும்பலகை:

அனுப்புகிறேன். ஒரு பத்தி வினையூக்கி பற்றியது. மற்றதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அந்த மாணவியை நேற்று அழைத்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தெரிந்த வினைகளை எழுதச் சொன்னேன். மூன்று எழுதினாள். நான்காவது நாக்கு நுனியில் நிற்கிறது என்று சொல்லி, நான் கேட்காமலே புத்தகத்தைத் திறந்து தேடினாள்.