சீனப் புறா ஜப்பானில் ஏன்?

நாணல்: பேரரசர் ஹுயிட்சோங் 1107-இல் வரைந்ததாகச் சொல்லப்படும் பீச் கிளைப் புறா, லீ டி 1197-இல் தீட்டிய செம்பருத்தி இனப் பூக்கள், இரண்டுமே சீனாவின் சோங் வம்சம் ஆண்ட காலத்து ஓவியங்கள். இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்கள்! இது என்ன நியாயம்? திருப்பித் தர வேண்டாமா?

கல்மை: திருடியிருந்தால் கேட்கலாம். அந்தப் புறா ஓவியத்தில், ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) அஷிகாகா யோஷிமிட்சு தன் சேகரிப்பு என்று குத்திய முத்திரை இருக்கிறது. அவர் இறந்தது 1408-இல். அறுநூறு ஆண்டுக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் சோங் காலச் சீனத் துறவி, ஓவியர் முச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சோங்குக்கு அடுத்து வந்த யுவான் காலச் சீன விமர்சகர்கள் அவர் கையைக் கரடுமுரடு, பழைய முறை தெரியாதது என்று ஒதுக்கினார்கள். ஜப்பானிய ஜென் பௌத்த மடங்களோ தலையில் வைத்துக் கொண்டாடின. அவருடைய கொக்கும் குரங்கும் கியோட்டோவின் டைடோகுஜி மடத்தில் பிழைத்திருப்பது அதனால்தான். சொந்த ஊரில் மதிக்க ஆளில்லை. இப்போது உரிமை கேட்டால் எப்படி?

மூங்கில்: கொண்டாடியவர்கள் கத்தியும் வைத்திருந்தார்களே! முச்சியின் எட்டு நிலக்காட்சிகள் ஒரே நீளச் சுருள். சுவரில் தொங்கவிட வேண்டும் என்று துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள்.

கல்மை: அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் சீனாவில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சியென்லோங் பேரரசர் கண்ட ஓவியத்திலெல்லாம் வெற்றிடம் பார்த்து முத்திரை குத்தி, கவிதையும் எழுதி வைத்தாரே, அதை என்ன சொல்வீர்கள்?

நாணல்: பழசை விடுங்கள். 1912-இல் சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் ஆட்சி முடிந்ததும் பணமுடையில் தவித்த பெரிய குடும்பங்கள் வந்த விலைக்கு விற்றன. ஒசாகா பஞ்சாலை முதலாளி அபே ஃபுசாஜிரோ போன்றவர்கள் வாங்கிக் குவித்தார்கள். வீடு எரிகிறபோது பாத்திரத்துக்கு விலை பேசுவதும் வியாபாரமா?

கல்மை: அதே நேரத்தில் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஃப்ரீரும்தான் வாங்கினார். ஜப்பானை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? அபே சேர்த்ததை அவர் குடும்பம் 1943-இல் ஒசாகா நகர அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

மூங்கில்: யாரும் பார்க்கலாமா? பழைய பட்டு வெளிச்சம் தாங்காது, அதனால் எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள். புறா ஓவியமோ தனியாரிடம். திருப்பித் தருவது அப்புறம் இருக்கட்டும். நுணுக்கமாகப் படமெடுத்து எல்லோருக்கும் இலவசமாகத் தரட்டும்.

கல்மை: அருங்காட்சியகங்களிடம் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். தனியாரை யார் கட்டாயப்படுத்துவது?

நாணல்: தேசியப் பொக்கிஷம் என்று பட்டம் கொடுத்த அரசுதான்.