மில்லர்ஸ் டேல்: குக்கிராமத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஸ்டேஷன்?

கேள்வி: இங்கிலாந்தின் டெர்பிஷயரில் நடக்கப் போனபோது மில்லர்ஸ் டேல் ஸ்டேஷனைப் பார்த்தேன். சுற்றிலும் நாலு வீடு. ஐந்து பிளாட்பாரம் எதற்கு?

பதில்: ஊருக்காக இல்லை தம்பி, பக்கத்திலிருக்கும் பக்ஸ்டன் நகரத்துக்காக. லண்டன்–மான்செஸ்டர் வண்டியில் வந்தவர்கள் இங்கே இறங்கித்தான் பக்ஸ்டன் கிளை வண்டியைப் பிடித்தார்கள். மிட்லண்ட் ரயில்வே 1863இல் திறந்தது. போக்குவரத்து பெருகவே 1905இல் பழைய பாலத்தை ஒட்டி இன்னொரு பாலம். பிளாட்பாரத்திலேயே தபால் ஆபீஸ் வேறு!

கேள்வி: அப்புறம் ஏன் மூடினார்கள்?

பதில்: பீச்சிங் காலத்து வெட்டுதான்; நஷ்டப் பாதைகளை மூடச் சொல்லி 1960களில் அறிக்கை கொடுத்த பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் அவர். 1967இல் ஸ்டேஷன், மறு வருஷம் பாதையே போய்விட்டது.

இன்னொருவர்: போன மாதம் அங்கே இருந்தேன். பிளாட்பார ஓரக் கல் அப்படியே இருக்கிறது, கீழே தண்டவாளம் மட்டும் இல்லை. பழைய ரயில் பாதை இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும்தான்; 2011இல் அதிலுள்ள ரயில் சுரங்கங்களைத் திறந்த பிறகு சைக்கிள்காரர்கள்தான் எக்ஸ்பிரஸ். மணி அடித்தால் ஒதுங்கிவிடுங்கள்.