புதுப்பிப்பு: இஸ்ரேல் கோடைப் பயண வேலை, போய்வந்துவிட்டேன்

அமெரிக்க யூதப் பதின்வயதினரை நான்கு வாரம் இஸ்ரேலுக்கு அழைத்துச் செல்லும் குழுவில் ஊழியராகச் சேரலாமா, தூங்க நேரம் கிடைக்குமா என்று மே மாதம் கேட்டிருந்தேன். சேர்ந்தேன். தூக்கம் கிடைக்கவில்லை.

பாலைவனத்தில் பழங்காலக் கோட்டை இருக்கும் மசாதா மலை ஏறுவதுதான் கடினம் என்று பலர் எச்சரித்தீர்கள். அது எளிதாகவே முடிந்தது. வெயில் கடுமையானால் உச்சிக்கு வளைந்து செல்லும் பாம்புப் பாதை என்ற நடைபாதையை மூடிவிடுவார்கள் என்பதால் விடியுமுன்பே ஏறினோம். ஏற்றம் சுமார் 350 மீட்டர், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். கடைசியாக வருபவனுடன் நடப்பது என் பொறுப்பு. அவன் உச்சிவரை கூடைப்பந்து பற்றியே பேசினான்.

உண்மையில் திணறவைத்தது ஷபாத், அதாவது யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள். வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை பஸ் ஓடாது, கைப்பேசி கிடையாது. உயிர் காக்கும் அவசரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரே விடுதியில் நாற்பது பிள்ளைகள்! வாரம் முழுக்க அடக்கிவைத்த வீட்டு ஏக்கம் அன்றுதான் வெளியே வரும். சனி இரவு ஷபாத்தை முடித்துவைக்கும் ஹவ்தாலா சடங்கில் பின்னல் மெழுகுவத்தியை ஏற்றி, கிராம்பும் பட்டையும் முகர்ந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

யாரும் சொல்லாத ஒன்று: எருசலேம் ஆலயங்கள் அழிந்ததை நினைவுகூரும் திஷா பாவ் நோன்பு கோடையில்தான் வருகிறது. சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. அன்றைய நடைப்பயணத்தை அட்டவணையிலிருந்து நீக்க அமைப்பாளர்களுடன் இரண்டு நாள் வாதாடினேன். நீக்கினார்கள், முகம் சுளித்துக்கொண்டே.

அடுத்த ஆண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.